ஓர் இனப்பெயர் அடிமைச்சொல் ஆன வரலாறு

ஆங்கில அகராதியில் 'ஸ்லாவ்', 'ஸ்லேவ்' என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். முன்னது, ஐரோப்பாவின் கிழக்கிலும் நடுவிலும் தென்கிழக்கிலும் பரவி வாழும் பேரினம் ஒன்றின் பெயர். ருசியர், உக்ரேனியர், போலந்தியர், செக்கர், சுலோவாக்கியர், செர்பியர், குரோவாசியர், பல்கேரியர் முதலானோர் இவ்வினத்தின் கிளையினர். இவர்தம் மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் 25 கோடிக்கும் மேற்பட்டவர். பின்னது, அடிமை என்னும் பொருள் தருவது. எழுத்து வரிசை இவ்விரண்டையும் பக்கத்தில் நிறுத்தியது தற்செயல் என்றே மாணவர் எண்ணுவர். தற்செயல் அன்று. இரண்டும் ஒரே சொல். ஓர் இனம் தனக்கு இட்டுக்கொண்ட பெயரே, மேற்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அடிமையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மாறியது. அம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அவ்வினத்தார் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதைக் காண்போம். பழைய ஸ்லாவிய மொழியில் அவர்களின் பெயர் 'ஸ்லொவேனெ' என்பது. அதன் மூலம் 'ஸ்லோவொ' என்னும் சொல் என்பது பெரும்பான்மை மொழியறிஞரின் கருத்து. 'ஸ்லோவொ' என்றால் 'சொல்' என்று பொருள். எனவே ஸ்லொவேனெ என்போர் சொல்லுடையோர். ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்கும் ஒருமொழி மக்கள். நீர்நிலையொன்றின் பெயரிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பாரும் உளர். ஆயினும் முதற்கருத்துக்கு வலிவூட்டும் சான்று ஒன்று உண்டு. இவர்கள் தம் அண்டை அயலாரான ஜெர்மானியரை 'நேமெத்ஸ்' என்று அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். அதன் பொருள் 'ஊமை' என்பது. தம் மொழி பேசுவோர் சொல்லுடையோர், பேசாதோர் ஊமையர்! கிரேக்கர் பிறமொழியாளரைப் 'பார்பரோஸ்' என்று எள்ளியதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. அந்த 'ஊமை'ப் பெயர் துருக்கியர் வாயிலாக அரபு மொழிக்குச் சென்று, இன்றளவும் ஆஸ்திரிய நாட்டின் அரபுப் பெயராக 'நிம்ஸா' என நிலவுகிறது என்பதும் சுவையான செய்தி.

'ஸ்லோவொ' என்பதன் வேர் 'கேட்டல்' என்னும் பொருளுடைய பழைய இந்தோ–ஐரோப்பிய வேர். வடமொழியில் அவ்வேரிலிருந்து பிறந்ததே 'சுருதி'. இசையிலும் வேதத்திலும் நாம் வழங்கும் அச்சொல்லும், ஸ்லாவியரின் இனப்பெயரும் தொலைதூர உறவினர் எனலாம். புகழ் என்னும் பொருளுடைய 'ஸ்லாவா' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. பலராலும் கேட்கப்படுவதுதானே புகழ்!

இத்தகைய பெயர் அடிமைத்தளையில் சிக்கியதற்குரிய வழியை அமைத்தது கிரேக்க மொழி. மொழிமுதலில் இன்ன எழுத்துகளே வரும் என்னும் வரையறை தமிழில் உண்டென்பதை நாம் அறிவோம். கிரேக்கத்திலும் அத்தகைய வரையறை உண்டு. சகர ஒலியை அடுத்து லகரம் சொல்லின் முதலில் மயங்கி வருதல் அம்மொழியின் இயல்பன்று. ஆதலின் கிரேக்கர் இடையில் ஒரு ககரத்தைச் செருகி 'ஸ்க்லாவெனோய்' என்றும், சுருக்கமாக 'ஸ்க்லாவோஸ்' என்றும் வழங்கினர். இலத்தீன் அதனை 'ஸ்க்லாவுஸ்' என ஏற்றது. அந்த ஒற்றைக் ககரத்தை மாணவர் நினைவில் கொள்க. பின்னர் அது பெரிய வேலை செய்யவிருக்கிறது.

6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றாசிரியரான புரோக்கோப்பியுஸ் இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் நூலில் ஸ்க்லாவெனோய் அடிமைகள் அல்லர். தான்யூப் ஆற்றைக் கடந்து பேரரசின் ஊர்களைச் சூறையாடி, ஆயிரக்கணக்கான மக்களைச் சிறைபிடித்துச் சென்ற படையினர் அவர்கள். அன்று அச்சம் தந்த பெயர் அது. பிடித்துச் செல்பவனைக் குறித்த பெயர், பிடிபட்டுச் செல்பவனைக் குறிக்கலானது ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே.

அடிமையைக் குறிக்க இலத்தீனில் முன்னரே சொல் இல்லையா என்று வினவலாம். இருந்தது. 'செர்வுஸ்' என்பது அது. ஆனால் உரோமப் பேரரசு வீழ்ந்தபின் மேற்கு ஐரோப்பாவில் அடிமைமுறையின் இயல்பு மாறிற்று. நிலத்தோடு பிணைக்கப்பட்டு, ஆண்டைக்கு உழுது கொடுத்து, ஆயினும் சந்தையில் தனியே விற்கப்படாத பண்ணையாளே 'செர்வுஸ்' எனப்பட்டான். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ள 'செர்ஃப்' என்பது அதன் மரபு. அவனுக்கு மனைவியுண்டு, குடிசையுண்டு, ஊரில் ஓர் இடமுண்டு. வேற்று நாட்டிலிருந்து பிடித்துக் கொணர்ந்து விலைக்கு விற்கப்பட்டவனுக்கு இவை ஒன்றும் இல்லை. அவனைச் சுட்டப் புதுச்சொல் தேவைப்பட்டது. சந்தையில் நின்றோர் பெரும்பாலும் எவ்வினத்தாரோ, அவ்வினப்பெயரே அத்தேவையை நிறைவு செய்தது.

அவர்கள் ஏன் பெரும்பாலும் ஸ்லாவியராய் இருந்தனர்? போரும் சமயமும் வாணிகமும் ஒன்றோடொன்று பின்னிய செய்தி இது. 10ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மன்னன் முதலாம் ஹென்றியும் அவன் மகன் முதலாம் ஓட்டோவும் எல்பெ ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியர்மீது மீண்டும் மீண்டும் படையெடுத்தனர். பிடிபட்டோர் விற்கப்பட்டனர். கிறித்துவரைப் பிற சமயத்தார்க்கு விற்பதைத் திருச்சபை கண்டித்தது. ஆனால் அக்காலத்தில் ஸ்லாவியருள் பலர் திருமுழுக்குப் பெறாதவர். போலந்தின் மன்னன் 966இலும், கீயெவின் மன்னன் 988இலுமே கிறித்துவம் தழுவினர். சமயவிலக்கு அவர்களைக் காக்கவில்லை. வாங்குவோரோ செல்வத்தில் சிறந்திருந்தனர். தெற்கே கோர்தோபாவிலும் கிழக்கே பாக்தாதிலும் அரண்மனைகளுக்கும் படைகளுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். பிராகு நகரும், இன்றைய பிரான்சில் உள்ள வெர்தனும் இவ்வாணிகத்தின் இடைச்சந்தைகளாயின. 965ஆம் ஆண்டளவில் ஸ்பெயினிலிருந்து வந்த யூதப் பயணி இப்ராஹிம் இப்னு யாக்கூப், பிராகில் விற்பனைக்கு வந்த பொருள்களை வரிசைப்படுத்துகையில் அடிமைகள், வெள்ளீயம், விலங்குத்தோல் என எழுதினார். மனிதரும் தோலும் ஒரே பட்டியலில்!

விற்றோர் யாவரும் அயலார் அல்லர் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஸ்லாவியத் தலைவர்களே தம் இனத்தாரைப் பிடித்து விற்றதும் உண்டு. பிராகு நகரின் ஆயராக 983இல் பொறுப்பேற்ற ஆடல்பெர்ட் என்னும் சான்றோர் இதனைக் கண்டு மனம் நொந்தார். போலந்தில் கினெஸ்னோ பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் 12ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டவை. அவர் வாழ்க்கை அவற்றில் 18 காட்சிகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்றில், கட்டுண்டு நிற்கும் அடிமைகளை விடுவிக்குமாறு அவர் சிற்றரசன்முன் வேண்டி நிற்கிறார். ஸ்லாவியர் அடிமைகளாய் விற்கப்பட்டதை ஸ்லாவியர் நாட்டிலேயே நின்று சொல்லும் சான்று அது. நூலில் படிப்பதைவிட அக்கதவின் படத்தை மாணவர்க்குக் காட்டுவது நன்று.

அரபு மொழி இவர்களை 'ஸகாலிபா' என்றது. கிரேக்கச் சொல்லின் ககரம் அங்கும் தொடர்ந்ததைக் காண்க. ஸ்பெயினை ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானின் காலத்தில் (912–961) கோர்தோபா அரண்மனையில் ஸகாலிபா பெருந்தொகையினராய் இருந்தனர். காலப்போக்கில் வட ஐரோப்பாவிலிருந்து வந்த அடிமை எவனும் அங்கு அப்பெயரால் அழைக்கப்பட்டான். ஆயினும் வரலாறு ஒரு திருப்பத்தை வைத்திருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலீபா அரசு சிதைந்தபோது, படைத்தலைவர்களாக உயர்ந்திருந்த ஸகாலிபா சிலர் தாமே அரசமைத்தனர். தெனியா நகரை ஆண்ட முஜாஹித், அல்மெரியாவை ஆண்ட கைரான் ஆகியோர் அத்தகையோர். அடிமைப்பெயர் தாங்கியோர் நாணயம் அடித்து ஆட்சி புரிந்தனர்; பெயர் மட்டும் மாறவில்லை.

13ஆம் நூற்றாண்டு முதல் சந்தை இடம்பெயர்ந்தது. ஜெனோவா, வெனிசு வணிகர் கருங்கடலின் வடகரையில் கால்கொண்டனர். கிரிமியாவில் ஜெனோவா நாட்டார் நடத்திய காஃபா துறைமுகம், 1475இல் துருக்கியர் கைப்பற்றும் வரை பெரும் அடிமைச் சந்தையாய் விளங்கிற்று. அங்கிருந்து வந்தோருள் தார்த்தாரியரும் சிர்க்காசியரும் மிகுதி. ஃபுளோரன்சு நகரம், கிறித்துவராய்ப் பிறவாத அடிமைகளைக் கொணர 1363இல் சட்டப்படி இசைவளித்தபோது, அந்நகரில் வந்து சேர்ந்த பெண்டிருள் பெரும்பாலோர் தார்த்தாரியப் பெண்கள். அவர்களும் இத்தாலிய மொழியில் 'ஸ்கியாவா' என்றே எழுதப்பட்டனர். ஸ்லாவிய இனத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதவரையும் அப்பெயர் சுட்டலாயிற்று. ஓர் இனப்பெயர் இனத்தை விட்டுப் பிரிந்து பொதுச்சொல்லாகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. 1444இல் போர்த்துகலின் லாகோசு துறையில் ஆப்பிரிக்க மக்கள் 235 பேர் இறக்கிப் பங்கிடப்பட்டபோது, அவர்களுக்கென 'எஸ்க்ராவோ' என்னும் சொல் ஆயத்தமாய்க் காத்திருந்தது. இன்று அடிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர் உள்ளத்தில் எழுவது ஆப்பிரிக்க மனிதனின் உருவமே. ஆனால் அச்சொல்லுக்குள் புதைந்து கிடப்பதோ எல்பெ ஆற்றங்கரையின் வெளிறிய முகம்.

இனி அந்தக் ககரத்திற்கு வருவோம். ஜெர்மானிய மொழியில் அடிமை 'ஸ்க்லாவெ'; ஸ்லாவியன் 'ஸ்லாவெ'. ஸ்பானியத்தில் அடிமை 'எஸ்க்லாவோ', ஸ்லாவியன் 'எஸ்லாவோ'. இத்தாலியத்தில் 'ஸ்கியாவோ' அடிமை, 'ஸ்லாவோ' ஸ்லாவியன். பிரெஞ்சில் 'எஸ்க்லாவ்' அடிமை, 'ஸ்லாவ்' ஸ்லாவியன். ககரம் உள்ளது அடிமை. ககரம் நீங்கியது இனம். கிரேக்கர் தம் நாவின் எளிமைக்காகச் செருகிய ஓர் ஒலி, மனிதனையும் விலைப்பொருளையும் பிரிக்கும் எல்லைக்கல்லாய் அமைந்துவிட்டது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் 'ஸ்க்லேவ்' என்ற வடிவம் இருந்தது. பின்னர் ககரம் தேய்ந்தது. ஆதலால் அங்கு உயிரொலி ஒன்றே வேற்றுமை காட்டுகிறது. ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் எழுத்துக்கூட்டே பிரெஞ்சில் ஸ்லாவியனைக் குறிக்கும். இரு மொழியும் பயில்வோர் இடறும் இடம் இது. சுவீடிய மொழியிலோ அவ்வேற்றுமையும் இல்லை. இரண்டுக்கும் 'ஸ்லாவ்' என்பதே சொல்.

பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்களின் முதலில் நிற்கும் 'எ' குறித்தும் ஒரு சொல். நம் சிற்றூர் மூதாட்டியர் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பர். அதனைக் கேட்டு நகைப்போர், ஸ்பானியர் தம் பள்ளியை 'எஸ்குவேலா' என்று அழைப்பதை அறியார். நாவின் இயல்பு அங்கும் இங்கும் ஒன்றே.

வெனிசு நகரில் இச்சொல்லின் மூன்று முகங்களையும் ஒருங்கே காணலாம். அந்நகரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலைக்கு 'ஸ்கியாவோனி கரை' என்பது பெயர். அங்குக் குறிக்கப்படுவோர் அடிமைகள் அல்லர். எதிர்க்கரையான தல்மாசியாவிலிருந்து கலம் செலுத்தி வந்த ஸ்லாவிய வணிகரும் மாலுமிகளும். அதே நகரத்து ஆவணங்களில் விலைக்கு வாங்கப்பட்டோரும் அதே வேர்ச்சொல்லால் குறிக்கப்பட்டனர். மூன்றாவது முகம் எதிர்பாராதது. 'தங்கள் அடிமை' என்று பணிவுடன் கூறும் வழக்கம் வெனிசில் இருந்தது. அம்மொழியில் 'ஸ்சாவோ' என ஒலித்த அச்சொல் தேய்ந்து 'சாவ்' ஆயிற்று. இன்று உலகமெங்கும் இளைஞர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் கூறும் இத்தாலிய வணக்கச்சொல் அதுவே. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பழைய இலத்தீன் 'செர்வுஸ்' இன்றும் வணக்கச் சொல்லாய் வழங்குகிறது. இது நமக்குப் புதிதன்று. வைணவப் பெரியோர் தம்மை 'அடியேன்' என்று கூறிக்கொள்வதை நாம் கேட்டதில்லையா? ஆனால் தமிழில் 'அடிமை' என்பது 'அடி' என்னும் வேரில் பிறந்தது. எவ்வினத்தின் பெயரையும் அது சுமக்கவில்லை.

போரில் கவர்ந்த பொருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து 'ஸ்க்லாவுஸ்' பிறந்தது என்று வாதிடும் அறிஞர் சிலரும் உளர். பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை. அதனைக் காட்டிலும் கேடு பயந்தது வேறொரு பொய்க்கருத்து. பெயர் அடிமை ஆதலின் ஸ்லாவியர் இயல்பிலேயே அடிமைத்தன்மையர் என்று பேசினோரும் இருந்தனர். இது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவது. அவர்கள் அடிமைத்தன்மையர் ஆனதால் அப்பெயர் பெறவில்லை. அப்பெயருடையோர் விற்கப்பட்டதால் அடிமைத்தனம் அப்பெயரைப் பெற்றது. சொல்லின் பொருளை முடிவு செய்தோர் விற்றோரும் வாங்கியோரும் கணக்கெழுதியோருமே. 18ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன், புகழைக் குறித்த ஒரு பெயர் அடிமைத்தனத்தைக் குறிக்கலான இவ்வீழ்ச்சியையும் குறிப்பிடத் தவறவில்லை. ஸ்லாவியக் கவிஞர்களும் வாளா இருக்கவில்லை. சுலோவாக்கியரான யான் கொல்லார் 1824இல் தாம் வெளியிட்ட காவியத்திற்கு 'ஸ்லாவாவின் மகள்' என்று பெயரிட்டார். 'ஸ்லாவா' என்பது புகழ் அன்றோ! இனப்பெயர் நேரே 'புகழி'லிருந்து பிறந்தது என்பதை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. எனினும் தம் பெயரை மீட்டுக்கொள்ள ஒரு மக்கள் முனைந்ததன் அடையாளம் அத்தலைப்பு.

அவ்வாறாயின் ஸ்லாவியர் தம் மொழியில் அடிமையை எவ்வாறு அழைப்பர்? ருசிய மொழியில் 'ராப்' என்பர். வேலைக்கு அம்மொழியில் 'ரபோத்தா' என்று பெயர். செக் மொழியில் 'ரோபோத்தா' என்பது, குடியானவன் ஆண்டையின் நிலத்தில் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை. ஆஸ்திரியப் பேரரசில் அது 1848இல்தான் ஒழிந்தது. 1920இல் காரெல் சாப்பெக் என்னும் செக் எழுத்தாளர், மனிதனால் ஆக்கப்பட்ட உழைப்பாளிகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அவ்வுயிர்களுக்கு என்ன பெயரிடலாம் என்று தயங்கியபோது, ஓவியரான அவர் தமையன் யோசெஃப் 'ரோபோத்' என்ற சொல்லைத் தந்தார். இன்று நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த 'ரோபோ' அதுவே. ஸ்லாவியரின் பெயரை அடிமைக்குச் சூட்டிய மேற்கு நாடுகள், எந்திர அடிமைக்கும் ஸ்லாவியச் சொல்லையே கடன் வாங்கின.

இனப்பெயர் இழிந்தது இஃதொன்றே அன்று. ஆங்கிலேயரின் முன்னோர், தாம் வென்ற பிரித்தானியப் பழங்குடிகளை 'வேலஹ்' என்றனர். அயலான் என்பது அதன் பொருள். அச்சொல்லே அவர்களிடம் அடிமை என்றும் பொருள்பட்டது. இன்றைய 'வேல்ஸ்' நாட்டின் பெயர் அதன் வழிவந்தது.

மாறாக, உயர்ந்த பெயரும் உண்டு. பிராங்கியர் என்னும் ஜெர்மானியக் குடியினர் பண்டைப் பிரான்சை வென்று ஆண்டனர். வென்ற குடியே முழுவுரிமை உடையதாதலின், 'பிராங்க்' என்னும் அவர் பெயர் 'உரிமையுடையவன்', 'ஒளிவு மறைவற்றவன்' என்னும் பொருள்களைப் பெற்றது. விற்கப்பட்டவன் பெயர் அடிமை. வென்றவன் பெயர் உரிமை. சிலுவைப் போர்க்காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் 'பிரஞ்சி', 'பிரங்கி' என்றனர். அச்சொல்லே கடல்கடந்து தமிழில் 'பறங்கி' ஆயிற்று. அயலவன் கொணர்ந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. மலாயில் அது 'பெரிங்கி' ஆயிற்று. பினாங்கின் 'பத்து பெரிங்கி' கடற்கரைக்கு உல்லாசமாகச் செல்வோர், அப்பெயரில் ஒரு பழைய ஜெர்மானியக் குடியின் பெயர் ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வரலாற்றைப் பயிலும் நம்மவர் உள்ளத்தில் வேறொரு சொல் நிழலாடாமல் இராது. 'கூலி' என்பதே அது. போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுள் புகுந்து, ஆங்கிலத்திலும் டச்சிலும் ஜெர்மானியத்திலும் பிரெஞ்சிலும் உடலுழைப்பாளியான ஆசிய மனிதனைக் குறித்தது அது. மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் 1910 வரை ஒப்பந்த முறையிலும், 1938 வரை கங்காணி முறையிலும் அப்பெயரின் கீழ்த்தான் கணக்கிடப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் அனைவர்க்கும் உரிய வசைச்சொல்லாகவே ஆயிற்று. 1886இல் யூல், பர்னல் ஆகிய இருவர் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி இச்சொல்லுக்கு இரு பிறப்பிடம் காட்டுகிறது. ஒன்று, குசராத்துப் பகுதியில் வாழும் 'கோலி' என்னும் இனத்தாரின் பெயர். மற்றொன்று, நம் தமிழ்ச்சொல்லாகிய 'கூலி'. முன்னது மெய்யாயின், ஸ்லாவியர்க்கு நேர்ந்ததே கோலியர்க்கும் நேர்ந்தது என்க. பின்னது மெய்யாயின் நிகழ்ந்தது வேறு. தமிழில் 'கூலி' ஆளைக் குறிக்கும் பெயரன்று. உழைப்பவன் பெறும் ஊதியத்தின் பெயர். ஊதியத்தின் பெயரையே உழைத்தவனுக்கு இட்டு வழங்கினர் அயலார். திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் அச்சொல்லை ஆண்டிருப்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். தெய்வத்தால் ஆகாத இடத்தும், மெய்வருந்தி உழைத்தவனைச் சேரும் பயனுக்கே அவர் அங்குக் கூலி என்று பெயர் தருகிறார்.